கட்டில் வியர்த்த மாதம்

காலை ஆறு மணி பத்து நிமிடம். குழந்தையின் அறை ஜன்னல் கண்ணாடியில், வெளிப்பக்கமாக, ஓர் ஈர வட்டம் இருந்தது.

போன வருடம் ஜூன் மாதம், இரண்டாவது வாரம். இடம் தேயிலை மலையில் சின்னக்கானல். இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து வெள்ளையாக இருக்க, அந்த வட்டம் மட்டும் துடைத்துவிட்டது போலத் தெளிவாக இருந்தது. என் உள்ளங்கை அகலம். நடுவில் அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள். அந்தப் புள்ளிகளைச் சுற்றி மட்டும் மறுபடி ஆவி பிடித்திருந்தது, சற்று முன்புதான் யாரோ அங்கே மூச்சு விட்டுப் போனது போல.

குடை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தேன். எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. உள்ளே நின்றால் அந்த ஜன்னல் என் இடுப்பு உயரம். வெளியே நிலம் இறங்கிப் போவதால் அதே ஜன்னல் தலைக்கு மேலே போய்விடும். டேப் வைத்து அளந்தேன். தரையிலிருந்து வட்டம் வரை எட்டடி. கீழே சிமெண்ட் தளம், அதை ஒட்டிக் கருங்கல் பதித்த வழி, அதற்கப்பால் தேயிலை. சிமெண்டில் காலடித் தடம் இல்லை. ஏணி வைத்த தடமும் இல்லை.

"ஏனுங்க, இதைப் பாருங்க" என்று என் கணவரை எழுப்பிக் காட்டினேன்.

"ஆவி புடிச்சிருக்குது. வெய்யல் வந்தாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார். ஏழு மணிக்கு அவர் ரிசார்ட் வேலைக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவார். அதுவரை வீட்டில் நானும் எட்டு மாதப் பையனும் மட்டும்.

திருமணத்துக்கு முன் ஏழு வருடம் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் செய்தி திருத்தும் வேலையில் இருந்தேன். அளந்து பார்ப்பதும் குறித்து வைப்பதும் அங்கிருந்து வந்த பழக்கம். ஒரு ஸ்கேலைக் கண்ணாடி ஓரத்தில் பிடித்து அந்த வட்டத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு துடைத்துவிட்டேன்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோவிந்தாபுரம் பக்கம். தலைப்பிரசவத்துக்கு நான் தாய் வீட்டுக்குப் போயிருந்தேன். பிறப்பதற்கு முன்பு குழந்தைக்கென்று எதுவும் வாங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் பையனுக்கு ஐந்து மாதம் முடிந்து, மலைக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில்தான், பங்குனி வெயிலில் மரச்சாமான் பார்க்கப் போனோம்.

என் கணவருக்குப் பிடித்தது போனில் பார்த்த ஒரு வெள்ளைக் கட்டில். பெயிண்ட் அடித்தது, சக்கரம் வைத்தது. நான் ஒரு மாதமாகப் படித்து ஒரு பட்டியலே எழுதி வைத்திருந்தேன். கட்டிலைச் சுற்றி வரும் அழிச்சட்டங்களுக்கு நடுவே இரண்டரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. ஒட்டுப்பலகை கூடாது, அதன் பசை நெடி குழந்தைக்கு ஆகாது. பல் முளைக்கும்போது பிள்ளைகள் சட்டத்தைக் கடிக்கும், அதனால் பெயிண்டும் கூடாது, வார்னிஷும் கூடாது. கவிழாதபடி கனமாக இருக்க வேண்டும். சக்கரம் கூடாது.

"இதுக்கு ஒரு தேக்கு மரத்தையே நட்டு வளத்திரலாம்" என்றார் அவர்.

பழைய கட்டடங்களைப் பிரித்து மரம் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். கதவுகள், தூண்கள், உத்தரங்கள் என்று வெயிலில் அடுக்கிக் கிடந்தன. ஒரு மூலையில் சாம்பல் நிறத்தில் அகலமான பலகைகள். கடைக்காரர் ஒன்றை நிமிர்த்தி விரல் மடக்கித் தட்டினார்.

"பலாங்க. சத்தத்தக் கேளுங்க அம்மிணி. இப்படிப் பலகை இனி எங்கீங்க கெடைக்குது?"

"எந்த ஊட்டுல பிரிச்சதுங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"ஊடு இல்லீங்க தம்பி. ஒரு பழைய மண்டி. இடிச்சுப்போட்டுக் காம்ப்ளெக்ஸ் கட்றாங்க."

"கரையான் இருக்குதுங்களா?" இது நான்.

"அதானுங்க அதிசயம். அறுவது வருசமாத் தரையோட கெடந்த பலகை. ஒரே ஒரு ஓட்டையக் காட்டுங்க, பலகைய சும்மா தூக்கிட்டுப் போங்க."

போன் விளக்கை அடித்துப் பலகை பலகையாகப் பார்த்தேன். ஓட்டை இல்லை. கரையானுக்கு மருந்து ஏதும் அடித்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். என்ன மரம், எத்தனை வருடம், கரையான், மருந்து. என் பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் கேட்டாகிவிட்டது.

அந்தக் கடையை ஒட்டியே தச்சுப்பட்டறை. மரத்தை இழைத்ததும் உள்ளே மஞ்சள் நிறம் வந்தது. ஒரு கட்டில், சுவரோரம் வைக்கத் தாழ்வான ஓர் அலமாரி, பொம்மை போட்டு வைக்க மூன்று இழுப்பறை வைத்த ஒரு பெட்டி. மூன்றும் அந்தப் பலகையிலேயே.

"கடைசியா வார்னிசு ஒரு கோட்டு குடுத்தர்றனுங்க" என்றார் தச்சர்.

"வேண்டாங்க. பையன் வாய் வெப்பான்."

"ஏனுங்க, கட்டலு செய்யறமா, முறுக்கு சுடறமா?"

எல்லோரும் சிரித்தோம். இரண்டு நாள் கழித்துப் போனபோது அவர் இழைப்புளியைத் தூக்கிக் காட்டினார். "பலகைல என்னமோ இருக்குதுங்க. வெச்ச எடத்துல ஒரே ராத்திரில துரு ஏறிப்போச்சு." அதற்கும் சிரித்தோம்.

சித்திரை கடைசியில் சாமான்களை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு உடுமலை வழியாக மலைக்கு வந்தோம். எங்கள் வீடு எஸ்டேட்காரர்களின் பழைய குவார்ட்டர்ஸ். மண்சாந்துச் சுவர், தகரக் கூரை. வெளிச்சம் வர வேண்டும் என்று கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போட்டேன்.

அடுத்த குவார்ட்டர்ஸில் ஓர் அக்கா இருந்தார். கணவர் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மூன்று தலைமுறையாக அந்த மலையில் இருக்கும் குடும்பம். அறையைப் பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்று இடுப்பில் கை வைத்தார்.

"ஏ பாலக்காட்டுக்காரி, பச்சப்புள்ளைக்குத் தனி ரூமா? என்ன, ஆபீஸ் போட்டு ஃபைல் பாக்கப் போறானா?"

"பகலுக்கு மட்டும்தானுங்க அக்கா. ராத்திரி எங்க பக்கத்துலதான்."

"அப்படிச் சொல்லு. மத்ததெல்லாம் சினிமால்லா."

ஜூன் முதல் வாரம் மழை பிடித்தது. மூன்றாவது நாள் காலை, கட்டிலின் மேல்சட்டத்தில் நீர் முத்து முத்தாக நின்றது. கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தேன். மேலே காய்ந்துதான் இருந்தது. துணியால் துடைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் மறுபடி வியர்த்திருந்தது. அலமாரியும் பெட்டியும் அப்படியே. எங்கள் படுக்கையறையில் இருந்த பழைய கட்டில் வியர்க்கவில்லை. சமையலறைப் பலகை வியர்க்கவில்லை. அந்த மூன்று சாமான்கள் மட்டும். ஆணி அடித்த இடங்களிலிருந்து பழுப்புக் கோடுகள் கீழே இறங்கின. துடைத்த துணியைக் கொடியில் போட்டால், காய்ந்த பிறகு அட்டை போல விறைத்து நின்றது.

பையன் அந்தச் சட்டத்தை விடுவதில்லை. எழுந்து நிற்கப் பழகியிருந்தான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சப்புவான். தூக்கினால் கையை நீட்டி அழுவான். பல் வருகிறது என்று நினைத்தேன்.

அந்த வாரத்துக்கு அடுத்த வாரம்தான் முதல் வட்டம். நான்கு நாள் கழித்து இரண்டு வட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறியபடி. அதையும் படம் எடுத்துவிட்டுத் துடைத்தேன்.

யானை உள்ள ஊர் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைக்குப் பல வருடமாக வந்ததில்லை என்றார்கள். வந்தால் வேலி முறியும், வாழை முறியும், அரிசி வைத்திருக்கும் சமையலறைச் சுவர் இடியும் என்றும் சொல்லியிருந்தார்கள். எங்கள் சமையலறை மறுபக்கம். அரிசியை மூடி இறுக்கும் டிரம்மில்தான் வைத்திருந்தேன். எதுவும் முறியவில்லை. சத்தமும் இல்லை. அதனால் ஆள் என்றே முடிவு செய்தேன். அக்கம்பக்கத்தில் சொல்லவில்லை. ஜன்னலில் ஆள் என்றால், முதல் கேள்வி உள்ளே தனியாக இருக்கும் பெண்ணைப் பற்றித்தான் வரும்.

அதற்கு மூன்றாம் நாள் காலை அறைக்குள் போனபோது, நான் கொக்கி போட்ட ஜன்னல் கதவு திறந்திருந்தது. உள்ளே குறுக்குக் கம்பிகள் மூன்றும் அப்படியே இருந்தன. கட்டிலின் மேல்சட்டத்தில் சேறு. தெறித்த சேறு இல்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, விரலால் இழுத்தது போல ஒரே கோடு. அறையில் ஈரமான புல் வாடை. ஜன்னல் கம்பியிலிருந்து கோடு முடிந்த இடம் வரை அளந்தேன். நாலடி எட்டு அங்குலம். எட்டடி உயரத்தில் நின்று, கம்பி வழியே கையை விட்டு, நாலடி எட்டு அங்குலம் எட்டக்கூடிய மனிதன் யார் என்று நின்று யோசித்தேன். இரவில் பையன் எங்களோடு படுக்கிறான் என்பது மட்டும்தான் அப்போது நினைவில் இருந்தது.

அவருக்குப் போன் செய்தேன். இந்தத் தடவை அவர் ஆவி என்று சொல்லவில்லை. "சாயங்காலம் தாழ்ப்பாள் வாங்கிட்டு வர்றேன். கட்டிலை அந்தப் பக்கம் நகத்தி வெய்யி" என்றார். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். நான்கு விரற்கடைதான் நகர்ந்தது. கனமாக வேண்டும், சக்கரம் வேண்டாம் என்று எழுதியவள் நான்தான். இரவு அவர் வந்ததும் சேர்ந்து நகர்த்தலாம் என்று விட்டுவிட்டேன். வந்து போனது எல்லாம் இருட்டில்தானே, பகலில் என்ன என்று நினைத்தேன். மதியம் மழை விட்டதும், மரம் காயட்டும், வாடை போகட்டும் என்று ஜன்னலை அகலத் திறந்தும் வைத்தேன்.

மாலை நான்கேகாலுக்கு அடுத்த வீட்டு அக்கா வந்தார். வெளியே மூடுபனி ஜன்னல் வரை வந்துவிட்டிருந்தது. பையன் வழக்கம்போலக் கட்டிலில் நின்று சட்டத்தைச் சப்பிக்கொண்டிருந்தான்.

"உன் மவனுக்குச் சோறு போடுதியா இல்லியா? கட்டில அரை இஞ்சு தின்னுட்டான் பாரு." அவன் எச்சிலைத் துடைக்கக் கையை நீட்டியவர், சட்டத்தைத் தொட்டதும் நின்றார். "என்ன, இப்படித் தண்ணி விட்டுக் கெடக்கு?"

"மழை வந்ததுலருந்து இப்படித்தானுங்க அக்கா. துடைக்கத் துடைக்க வருது."

அவர் ஈர விரலை நாக்கில் வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு போயிருந்தது.

"உப்புடி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். ஜன்னலில் ராத்திரியில் யாரோ முகத்தை வைத்துப் பார்க்கிறார்கள், படம் இருக்கிறது என்றேன். போன் ஹாலில் சார்ஜில் இருந்தது. இருவரும் ஹாலுக்கு வந்தோம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மூஞ்சி இல்ல, மூக்கு. இந்தா, இந்த ரெண்டு புள்ளியும் மூச்சு விடுத ஓட்டை." குரல் இறங்கிவிட்டது. "பெரியவரு வந்துட்டுப் போயிருக்காரு. புள்ளையத் தூக்கு. மொதல்ல புள்ளையத் தூக்கு."

அந்த வரிசையில் யானை என்ற வார்த்தையை யாரும் வாயால் சொல்வதில்லை. பெரியவர்தான்.

திரும்பினேன். ஹாலுக்கும் அந்த அறைக்கும் பன்னிரண்டு அடி தூரம். அறை இருட்டியிருந்தது. ஜன்னல் இருந்த இடத்தில் ஜன்னல் இல்லை, சாம்பல் நிறத்தில் சுவர்தான் இருந்தது. அந்தச் சுவர் மெல்ல ஏறி இறங்கியது.

கம்பிகளுக்கு நடுவே தும்பிக்கை உள்ளே வந்திருந்தது. அது அவசரப்படவில்லை. கட்டிலின் மேல்சட்டத்தில் நுனியை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு என் பையன் நின்றிருந்தான். அழவில்லை. அதன் மூச்சில் அவன் உச்சி முடி எழுந்து எழுந்து படிந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு, குனிந்து தன் பக்கத்துச் சட்டத்தில் வாயை வைத்தான். ஒரே கட்டிலின் இரண்டு பக்கமும் இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

அக்கா என் புஜத்தை நகம் பதியப் பிடித்தார். "கத்தாத. ஓடாத. குனிஞ்சு கால்மாட்டுப் பக்கமாப் போ." பிறகு ஜன்னலைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போலப் பேச ஆரம்பித்தார். "புள்ள இருக்கு சாமி. சின்னப் புள்ள. ஒண்ணும் தெரியாது அதுக்கு. நாங்க எடுத்துக்கிட்டுப் போயிருதோம் சாமி. நீ எடுத்துக்க, எல்லாம் உனக்குத்தான்."

தரையோடு தரையாகப் போனேன். கட்டிலின் கால்மாட்டில் எழுந்து அவன் அக்குளில் கை கொடுத்தேன். அவன் சட்டத்தை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. எட்டு விரல் பிரித்தது நினைவிருக்கிறது. அப்போது தும்பிக்கை அந்தப் பக்கம் திரும்பி என் மணிக்கட்டில் வந்து நின்றது. ஈரமாக இருந்தது, சூடாக இருந்தது, தென்னந்துடைப்பம் போல முடி குத்தியது. மணிக்கட்டை முகர்ந்தது. காலையிலிருந்து அந்த மரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கை அது. பிறகு விட்டுவிட்டது. மீதி இரண்டு விரலையும் பிரித்தேன்.

சமையலறைக் கதவு வழியாக அக்கா வீட்டுக்குப் போனோம். அங்கே சுவர்க் கடிகாரத்தில் நான்கு முப்பத்தொன்று. அக்கா போனில் வனத்துறை வாட்சர்களைக் கூப்பிட்டார். நான்கு முப்பத்தெட்டுக்குச் சத்தம் கேட்டது. இடி போல இல்லை. யாரோ ஒரு மூட்டையை முதுகிலிருந்து இறக்கி வைத்தது போல ஒரே ஒரு சத்தம். பிறகு மரம் உடையும் சத்தம், நிதானமாக, இடைவெளி விட்டு விட்டு. வாட்சர்கள் வந்து வெடி போட்டபோது மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை போய்ப் பார்த்தோம். குழந்தையின் அறையில் வெளிச்சுவர் முழுதாக இல்லை. வீட்டின் மற்ற மூன்று பக்கமும் ஒரு கீறல் இல்லை. அரிசி டிரம் நகரவே இல்லை. கட்டிலின் சட்டங்கள் நாற்பதடி கீழே தேயிலைக்குள் கிடந்தன, கரும்புச் சக்கை போல மென்று துப்பப்பட்டு. பெட்டியின் மூன்று இழுப்பறைகளும் தனித்தனியே வெளியே இழுக்கப்பட்டிருந்தன. உள்ளே இருந்த பொம்மைகள் செடி மேல் ஆங்காங்கே இருந்தன. ஒன்றுகூட மிதிபடவில்லை.

என் கணவர் செடி மேல் கிடந்த பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தார். வெள்ளைக் கட்டிலைப் பற்றி அன்றும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை.

அன்றே மரக்கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"ஆமாங்க அம்மிணி, உப்பு மண்டிதானுங்க. உப்பு மூட்டை அடுக்கின பலகை. அதனாலதானுங்க கரையான் கிட்டவே வரலை. கேட்டிருந்தீங்கன்னாச் சொல்லியிருப்பேன்."

அவர் எதையும் மறைக்கவில்லை. மண்டி என்று சொன்னார், கரையான் வராத அதிசயத்தைச் சொன்னார். தச்சர் துருவையும் காட்டினார். பெயிண்டும் வார்னிஷும் வேண்டாம் என்று பையனின் வாயை மட்டும் நினைத்துச் சொன்னவள் நான். எங்கள் ஊர் வெயிலில் அந்த உப்பு மரத்துக்குள் சும்மா கிடந்தது. மலை மழையில் வெளியே வந்தது, உப்பைத் தேடி அலையும் யானையையும் கூட்டி வந்தது. இன்று எந்தப் பொருளை வாங்கினாலும், இதற்கு முன் இது எங்கே இருந்தது, யாருக்கு என்னவாக இருந்தது என்று கேட்ட பிறகுதான் விலை கேட்கிறேன். கடைக்காரர்களுக்கு எரிச்சல் வருகிறது. வரட்டும்.

மீதிப் பலகைகளை விற்க வேண்டாம் என்று அன்று அவரிடம் சொன்னேன். அது வைகாசியிலேயே போய்விட்டது என்றார். குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குள் வீடு உள்ள ஒரு கணவனும் மனைவியும், கைக்குழந்தையோடு வந்தார்களாம். எங்கள் கட்டிலின் படத்தை அவர் போனில் பார்த்துவிட்டு, இதே மாதிரி வேண்டும், வார்னிஷ் வேண்டாம் என்று கேட்டுச் செய்துகொண்டு போயிருக்கிறார்கள். பெயரும் நம்பரும் அவர் குறித்து வைக்கவில்லை.